நிற்கும் வண்டியின் செலவு

கரிசல் காட்டில் சரக்கு வண்டி வாங்கப் போகிறவர் பொதுவாக மூன்று கேள்விகள் கேட்பார். வண்டி என்ன விலை, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும், எவ்வளவு பாரம் தாங்கும்? மூன்றும் நியாயமான கேள்விகள். ஷோரூமில் மூன்றுக்கும் அச்சடித்த பதில் தயாராக இருக்கும். ஆனால் எட்டு, பத்து வருஷம் அந்த வண்டியை வைத்துப் பிழைக்கப் போகிறவருக்கு இவற்றைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு: வருஷத்தில் எத்தனை நாள் அதற்கு லோடு கிடைக்கும்? இந்தக் கேள்விக்கு ஷோரூமில் பதில் இல்லை. விலையும் மைலேஜும் வண்டியைப் பொறுத்தவை. ஓட்டநாள் ஊரைப் பொறுத்தது. மல்லாங்கிணறு, காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை என்று விரியும் மானாவாரிச் சீமையில் வண்டி ஓடும் நாளும் நிற்கும் நாளும் ஏறக்குறைய சரிபாதி என்று வைத்தால், நெடுஞ்சாலை ஊர்களுக்குப் பொருந்தும் கணக்கு இங்கே புரண்டுவிடும். ஓடும்போது எந்த வண்டி மலிவு என்று பார்ப்பதற்கு முன்னால், நிற்கும்போது எந்த வண்டி மலிவு என்று பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வண்டிகளை முதலில் அறிமுகம் செய்துகொள்வோம். 1986இல் வந்த டாட்டா 407 நீண்ட காலம் சிறு லாரி என்ற சொல்லுக்கே இலக்கணமாக இருந்தது. அதற்கும் மூன்று சக்கர ஆட்டோவுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை 2005 மே மாதம் வந்த டாட்டா ஏஸ் நிரப்பியது. 702 சி.சி., இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், முக்கால் டன் பாரம். ஊர் அதற்குக் குட்டியானை என்று பெயர் வைத்தது. 2011இல் அசோக் லேலண்டின் தோஸ்த், ஓசூரில் தயாராகி ஒன்றேகால் டன் பாரத்தோடு வந்தது. மஹிந்திராவின் பொலிரோ பிக்கப் 2,523 சி.சி. எஞ்சினோடு ஒன்றரை டன் அளவில் கிராமச் சாலைகளில் நிலைபெற்றது. 2025 ஜூனில் ஏஸ் புரோ 3.99 லட்சம் ரூபாய் ஆரம்ப விலையில் வந்தபோது, கீழ்த்தட்டுப் போட்டி இன்னும் சூடானது. ஆக, வாங்குகிறவர் முன்னால் உண்மையில் நிற்பவை மூன்று வழிகள்: புதுக் குட்டியானை, புதுப் பிக்கப், ஐந்தாறு வருஷம் ஓடிய பழைய பிக்கப்.

இனி ஊரின் இயல்பு. இங்கே விதைப்பு வடகிழக்குப் பருவமழையை நம்பி நடக்கிறது. கம்பு, குதிரைவாலி, மக்காச்சோளம், உளுந்து, பாசிப்பயறு, மல்லி, பருத்தி ஆகியவற்றின் அறுவடையும் எடுப்பும் பெரும்பாலும் தை தொடங்கிப் பங்குனி, சித்திரைக்குள் வந்து குவிகின்றன. அந்த மாதங்களில் விருதுநகர் சந்தைக்கும் அருப்புக்கோட்டைக் கடைகளுக்கும் வண்டி கிடைக்காது. கூப்பிட்ட குரலுக்கு வாடகை ஏறும். விதைப்புக் காலத்தில் உர மூட்டையும் விதையும் கொஞ்சம் ஓட்டம் கொடுக்கும். கோடையில் சீமைக்கருவேல விறகும் கரியும், பண்டிகைக்கு முன் ஆடும், கட்டட வேலை நடந்தால் செங்கல் சிமெண்டும் கைகொடுக்கும். மற்ற நாள்களில் வண்டி ஸ்டாண்டில் வேப்பமர நிழலில் நிற்கும். மழை பொய்த்த வருஷத்தில் இந்த நிற்கும் நாள்கள் இன்னும் கூடும். லோடு பருவத்தைப் பின்பற்றுகிறது, கடனுக்கான டியூவோ காலண்டரைப் பின்பற்றுகிறது. இந்த முரண்தான் கணக்கின் மையம்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கீழே வருபவை எந்தக் கம்பெனியின் விலைப்பட்டியலும் இல்லை. ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொண்ட சுற்று எண்கள். வாசகர் தம் எண்களை இட்டு மாற்றிக்கொள்ளலாம். குட்டியானை சாலைக்கு வந்து நிற்க 6 லட்சம், புதுப் பிக்கப் 10.5 லட்சம், பழைய பிக்கப் 5.5 லட்சம். மூன்றையும் எட்டு வருஷம் வைத்திருந்து முறையே 1.5 லட்சம், 3.5 லட்சம், 1.2 லட்சத்துக்கு விற்பதாகக் கொள்வோம். புது வண்டிக்கு விலையில் 85 விழுக்காடு கடன், 11 விழுக்காடு வட்டி, ஐந்து வருஷம். பழைய வண்டிக்கு 70 விழுக்காடு கடன், 15 விழுக்காடு வட்டி, நான்கு வருஷம். தேய்மானத்தையும் வட்டியையும் எட்டால் வகுத்து, அதோடு இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எல்லாம் சேர்த்தால், ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமலே வருஷத்துக்கு ஆகும் செலவு வரும். குட்டியானைக்கு இன்சூரன்ஸ் 25,000, வரியும் எஃப்.சி.யும் 6,000 என்று வைத்தால் மொத்தம் 1,06,650 ரூபாய். புதுப் பிக்கப்புக்கு அவை 31,000, 8,000; மொத்தம் 1,60,500. பழையதற்கு 24,000, 12,000, மொத்தம் 1,05,900. நாள் கணக்கில் சொன்னால், வாசலில் சும்மா நிற்கும் புதுப் பிக்கப் தினமும் 440 ரூபாய் தின்கிறது. குட்டியானையும் பழைய பிக்கப்பும் தலைக்கு 290 ரூபாய் அளவில் தின்கின்றன. தவணை முடிந்த பிறகும் தேய்மானம் நிற்காது. கையிலிருந்து பணம் போகாததால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஓட்டச் செலவு தனி. டீசல் லிட்டர் 93 ரூபாய் என்றும், குட்டியானை 18, புதுப் பிக்கப் 12, பழையது 11 கி.மீ. கொடுக்கும் என்றும் கொள்வோம். டயர், ஆயில், சர்வீஸ், ரிப்பேருக்கு கி.மீ.க்கு முறையே 2, 2.75, 5 ரூபாய் சேர்த்தால், ஓட்டச் செலவு 7.20, 10.50, 13.50 ரூபாய் அளவில் நிற்கும். பழைய வண்டி ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் புதியதைவிட 3 ரூபாய் அதிகம் கேட்கிறது. ஆனால் நிற்பதில் வருஷத்துக்கு 54,600 ரூபாய் மிச்சப்படுத்துகிறது. முந்தியதால் பிந்தியதை வகுத்தால் 18,200. வருஷத்துக்கு 18,200 கி.மீ.க்குக் கீழே ஓடுகிறவருக்குப் பழையது மலிவு, அதற்கு மேல் ஓடுகிறவருக்குப் புதியது மலிவு. மாதம் 1,500 கி.மீ. என்பதுதான் எல்லைக்கோடு. வருஷத்தில் 150 நாள், நாளுக்கு 80 கி.மீ. ஓடும் கரிசல் வண்டி 12,000 கி.மீ.யில் நின்றுவிடும், அங்கே பழைய பிக்கப்புக்கு மொத்தச் செலவு 2,67,900, புதியதற்கு 2,86,500. எலியார்பத்தி சுங்கச்சாவடியைத் தாண்டி மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் 300 நாள், நாளுக்கு 120 கி.மீ. ஓடும் வண்டி 36,000 கி.மீ. தொடும், அங்கே புதியதற்கு 5,38,500, பழையதற்கு 5,91,900. ஒரே இரண்டு வண்டிகள்தான். ஓட்டம் மாறியதும் முடிவு மாறிவிட்டது.

சிறியதா பெரியதா என்பது இதைவிடச் சிக்கலான கேள்வி. யூரியா மூட்டை 45 கிலோ. குட்டியானை சட்டப்படி 16 மூட்டைதான் ஏற்றும், ஒன்றரை டன் பிக்கப் 33 மூட்டை ஏற்றும். உரம், தானியம், சிமெண்டு போன்ற கனத்த சரக்கில் பெரிய வண்டி நிறைய ஓடினால் ஒரு டன்னைச் சுமக்கும் செலவு குறைவு. இதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் இந்த வட்டாரத்தின் சரக்கில் பாதி கனத்தால் நிறைவதில்லை, இடத்தால் நிறைகிறது. பருத்தித் தாட்டை எவ்வளவு அமுக்கி அடைத்தாலும் தார்ப்பாய்க் கயிறு இறுகும்போது எடை இன்னும் பாக்கி இருக்கும். கரி மூட்டையும் அப்படித்தான். ஆட்டை மூச்சு முட்ட ஏற்ற முடியாது. இத்தகைய சரக்குக்கு டன் கணக்கு பொருந்தாது, தளத்தின் பரப்புதான் கணக்கு. பிக்கப்பின் தளம் குட்டியானையினுடையதைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, 12,000 கி.மீ. ஓட்டத்தில் அதன் செலவும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கே. லேசான சரக்கில் இரண்டும் சரிசமம் என்று பொருள். பலசரக்குக் கடைக்கு அரை டன், சந்தைக்குப் பத்து ஆடு, வீடு மாறும் சாமான் என்று வரும் சில்லறை லோடுகளில் சின்னதே ஜெயிக்கும். இன்னும் ஒரு படி போகலாம். 12,000 கி.மீ. பிக்கப் ஓடும் வேலையை குட்டியானை எல்லாவற்றையும் இரண்டு நடையாக அடித்து முடித்தால்கூட வருஷச் செலவு 2,79,450 ரூபாய்தான். பிக்கப்பைவிடச் சற்றே குறைவு. இரண்டாவது நடைக்கு ஆகும் நேரமும் சந்தை மூடும் மணியும் இந்தக் கணக்கில் இல்லை என்பது உண்மை. ஆனால் வேலையைவிட நேரம் மிஞ்சிக் கிடக்கும் ஊரில் அந்த நேரத்தின் விலை நகரத்தில் இருப்பது போல் இருக்காது.

சட்டமும் இந்தக் கணக்கில் தன் பங்குக்குக் கை வைக்கிறது. 2022 ஜூன் முதல் நடப்புக்கு வந்த மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் பட்டியலில், மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள வாடகைச் சரக்கு வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பிரீமியம், 16,049 ரூபாய், வரி தனி. முக்கால் டன் சுமக்கும் குட்டியானையும் நான்கு டன் சுமக்கும் சிறு லாரியும் ஒரே தொகை கட்டுகின்றன. டன்னுக்கு வகுத்தால் முந்தியதற்கு 21,000 ரூபாய்க்கு மேல், பிந்தியதற்கு 4,000 ரூபாய் அளவு. சிறு வண்டிக்காரர் மீது விழும் இந்தப் பளுவை மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவு ஓரளவு ஈடுகட்டுகிறது: மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. பல பிக்கப்புகள் அந்தக் கோட்டை ஒட்டியே வடிவமைக்கப்படுவதற்கு இதுவும் காரணம். ஓட்டுநர் உரிமத்தில் நீண்ட நாள் இருந்த குழப்பத்தையும் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்த்துவைத்தது: இலகு ரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம். மறுபக்கம், மறுவிற்பனை விலை வாங்கியவர் கையில் இல்லை என்பதை 2025 செப்டம்பர் 22 காட்டியது. அன்று சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆக இறங்கியது. வரியோடு 10 லட்சம் இருந்த வண்டி, குறைப்பு முழுவதும் வந்து சேர்ந்தால், 9.22 லட்சம் ஆகும். முந்தின மாதம் வாங்கியவரின் வண்டி, ஓட்டாமலே 78,000 ரூபாய் அளவுக்கு இளைத்துவிட்டது.

இனி மறுப்புகளைப் பார்ப்போம். முதல் மறுப்பு மைலேஜ்காரருடையது: டீசல்தான் பெரிய செலவு, லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைத்தாலே போதும் என்பார். பிக்கப் 12க்குப் பதில் 13 கொடுத்தால், 12,000 கி.மீ. ஓட்டத்தில் வருஷத்துக்கு மிச்சம் 7,150 ரூபாய் அளவு. அது பதினாறு நாள் நிற்கும் செலவு. கூடுதலாகப் பதினாறு நாள் வண்டி நின்றால் அந்த மைலேஜ் காற்றில் போயிற்று. நெடுஞ்சாலை வண்டிக்கு அதே மிச்சம் மும்மடங்கு. அங்கே மைலேஜ் பேச்சு பொருந்தும். அமெரிக்காவிலும் இதே தர்க்கம் வேறு அளவில் நடக்கிறது. ஃபோர்டு எஃப்-250, ராம் 2500 போன்ற கனரகப் பிக்கப்புகளை வாங்குகிறவர், பெட்ரோல் எஞ்சினை விடப் பல ஆயிரம் டாலர் அதிகம் கொடுத்து டீசல் எஞ்சின் எடுப்பது பெரும்பாரம் இழுத்து நெடுந்தூரம் ஓடினால் மட்டுமே கட்டுப்படியாகும். வார இறுதியில் கடைக்குப் போய்வரும் வண்டிக்கு அது வீண். 2022இல் வந்த ஏஸ் மின்சார வண்டிக்கும் இதே அளவுகோல்தான். ஓட்டச் செலவு மிகக் குறைவு, வாங்கும் விலை அதிகம். நாள்தோறும் ஓடும் நகர விநியோகத்துக்கு அது லாபம். பாதி நாள் நிற்கும் வண்டிக்கு அந்த லாபம் வந்து சேரவே நெடுங்காலம் ஆகும்.

இரண்டாவது மறுப்பு கனமானது: பழைய வண்டி வாங்கினால் ரிப்பேரே தின்றுவிடும். இதில் உண்மை உண்டு. மேலே பழைய வண்டிக்கு டீசல் தவிர்த்த செலவு 5 ரூபாய் என்று வைத்தோம். அது 7 ஆனால் எல்லைக்கோடு 18,200இலிருந்து 11,000 கி.மீ.க்குக் கீழே இறங்கிவிடும். கரிசல் ஓட்டத்திலும் பழையது தோற்கும். அதனால் பழையது மலிவு என்ற முடிவு எல்லாப் பழைய வண்டிக்கும் பொருந்தாது, எஞ்சினும் கியர்பாக்ஸும் திடமாக உள்ள வண்டிக்கே பொருந்தும். மாசு விதி மாற்றத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்தது. அதற்குப் பின் வந்த டீசல் வண்டிகளின் புகைக் குழாயில் கரித்துகள் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரித்துத் தீர்க்க எஞ்சின் தொடர்ந்து சூட்டோடு கொஞ்ச நேரம் ஓட வேண்டும். ஊருக்குள் ஐந்து கிலோமீட்டர், வயல் வரப்போரம் நின்று மீண்டும் மூன்று கிலோமீட்டர் என்று ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். அடைத்தால் ஸ்பேனரோடு வரும் ஊர் மெக்கானிக்கால் ஆகாது, ஸ்கேனர் உள்ள ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போக வேண்டும். குறுகிய ஓட்டக்காரருக்கு 2020 ஏப்ரலுக்கு முந்திய, எளிய எஞ்சின் உள்ள வண்டி ஒத்துப்போவதற்கு இது ஒரு காரணம். காற்றின் நலனுக்குப் புதிய விதி தேவை என்பதில் ஐயமில்லை. அந்த நலனுக்கான விலையைக் குறைவாக ஓடுகிறவரே கி.மீ. கணக்கில் அதிகம் கொடுக்கிறார் என்பதும் உண்மை. பழைய வண்டிக்கு வயதின் எல்லையும் உண்டு. எட்டு வருஷம் தாண்டினால் எஃப்.சி. ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். பதினைந்து தாண்டிய வணிக வாகனத்துக்கு எஃப்.சி. கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு ஏறிவிட்டது. ஆறு வயது வண்டியை எட்டு வருஷம் வைத்திருப்பது அந்த எல்லைக்குள் அடங்கும். பத்து வயது வண்டிக்கு அடங்காது.

மூன்றாவது மறுப்பை யாரும் மேடையில் சொல்வதில்லை, டீக்கடையில் சொல்வார்கள்: ஒன்றரை டன் வண்டியில் இரண்டரை டன் ஏற்றினால் எல்லாக் கணக்கும் நேராகிவிடும். நேராகாது. 2019இல் திருத்தப்பட்ட 194ஆம் பிரிவின்படி மிகைபாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000. ஒரு டன் கூடுதலாகப் பிடிபட்டால் 22,000 ரூபாய். அது பிக்கப் ஐம்பது நாள் சும்மா நிற்கும் செலவு. பிடிபடாத நாளிலும் பட்டையும் கிளட்ச் பிளேட்டும் டயரும் அந்தப் பாரத்துக்கான கூலியைத் தனியாக வசூலிக்கும், விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸில் வழக்குக்கும் இடம் கிடைக்கும். பாரம் ஏற்றி ஏற்றி வளைந்த சேஸிஸை மறுவிற்பனைக்கு வருகிறவர் படுத்துப் பார்த்தே கண்டுபிடிப்பார்.

நான்காவது, நானே ஓட்டுகிறேன், எனக்குக் கூலி எதற்கு என்பது. இந்தக் கட்டுரையின் கணக்கிலும் ஓட்டுநர் கூலி சேரவில்லை. சேர்த்தால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். 150 நாள் ஓடும் புதுப் பிக்கப் தன் செலவை மட்டும் ஈடுகட்டவே ஓடும் நாளுக்கு 1,910 ரூபாய் கொண்டுவர வேண்டும். ஓட்டுகிறவருக்கு 800 ரூபாய் வைத்தால் 2,710. இங்கிருந்து சந்தைக்குப் போகும்போது லோடு, திரும்பும்போது பெரும்பாலும் காலி. 80 கி.மீ.யில் 40 மட்டுமே காசு தருவதாக இருந்தால், லோடு கி.மீ. ஒன்றுக்கு ஏறத்தாழ 68 ரூபாய் கேட்க வேண்டும். அதைவிடக் குறைவாக வாடகை பேசுகிறவர் தம் கூலியையோ வண்டியின் தேய்மானத்தையோ விட்டுக்கொடுக்கிறார். வருமான வரிச் சட்டத்தின் அனுமான வருமான விதி இத்தகைய வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் வருமானம் என்று அனுமானித்துக்கொள்கிறது. வருஷத்துக்கு 90,000, 150 நாளில் வகுத்தால் நாளுக்கு 600. சட்டம் தாராளமாக அனுமானிக்கும் இந்தத் தொகைகூட, ஒரு நாள் முழுக்க வெயிலில் ஓட்டி மூட்டை ஏற்றி இறக்கும் மனிதனின் கூலிக்குக் குறைவே. தன் உழைப்பை இலவசம் என்று எழுதினால்தான் லாபம் தெரியும் தொழில், உண்மையில் லாபம் தரும் தொழில் ஆகாது.

இந்தக் கணக்கிலிருந்து கடன் கொடுப்போருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. பழைய வண்டிக்குக் கடன் கொடுப்பதைப் பெருந்தொழிலாக வளர்த்ததில் தமிழகத்தின் பங்கு பெரிது. சுந்தரம் ஃபைனான்ஸ் 1954இலும் ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் 1979இலும் இங்கேதான் பிறந்தன. முத்ரா கடனின் உச்சவரம்பு 2024 நிதிநிலை அறிக்கையில், முந்திய கடனை ஒழுங்காகத் திருப்பியவர்களுக்கு, 20 லட்சமாக உயர்ந்தது. பணம் கிடைக்காத குறை முன்பு போல் இல்லை. குறை டியூவின் வடிவத்தில் இருக்கிறது. அதே கரிசலை உழும் டிராக்டருக்கு அறுவடையை ஒட்டி அரையாண்டுத் தவணை வைக்கும் வழக்கம் வங்கிகளில் உண்டு. அந்த அறுவடையைச் சுமக்கும் பிக்கப்புக்கு மாதத் தவணை. புதுப் பிக்கப்பின் டியூ மேற்சொன்ன கணக்கில் மாதம் 19,405 ரூபாய். லோடு இல்லாத ஆடி மாதத்திலும் அதே தொகைதான். மானாவாரி வட்டங்களில் சரக்கு வண்டிக் கடனுக்கும் பருவத் தவணை வைத்தால், வட்டி சற்றுக் கூடினாலும், ஆடியில் சீஸ் ஆகும் வண்டி தையில் ஓடிக்கொண்டிருக்கும்.

வாங்கப் போகிறவருக்குத் தீர்ப்பு இது. மாதம் 1,500 கி.மீ. நிச்சயமாக ஓடும், அதில் பெரும்பாலும் கனத்த லோடு என்றால் புதுப் பிக்கப். அதற்குக் கீழே என்றால் நல்ல மெக்கானிக்கைப் படுத்துப் பார்க்கச் சொல்லிப் பழைய பிக்கப், அல்லது சில்லறை லோடு என்றால் குட்டியானை. வருஷத்தில் நாற்பது, ஐம்பது நாள் மட்டும் தன் விளைச்சலை ஏற்ற வேண்டிய விவசாயிக்கு எந்த வண்டியும் வேண்டாம். அறுவடைக் கால வாடகை ஏறினாலும், சொந்த வண்டியின் நிற்கும் செலவும் ஓட்டச் செலவும் சேர்ந்ததைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். ஷோரூமுக்குப் போவதற்கு முன், சென்ற பன்னிரண்டு மாதத்தில் தமக்கோ தெருவில் வண்டி வைத்திருப்பவருக்கோ லோடு கிடைத்த நாள்களை ஒரு தாளில் எண்ணி எழுதுங்கள். விலைப்பட்டியலைவிட அந்தத் தாள் அதிகம் சொல்லும்.